ஒன்பது புள்ளி ஏழு எட்டு

ஊத்தான் மெலிந்தாங் ஆலை வாசலில்
எடைப்பாலத்தை ஒட்டிய கண்ணாடிக் கூண்டு என்னுடையது.
லோரி ஏறும், சிவப்பு எண் எரியும்,
இயந்திரம் சீட்டைத் துப்பும், நான் முத்திரை குத்துவேன்.
பதினோரு வருடம்
கிலோ என்றால் கிலோதான் என்று இருந்துவிட்டேன்.

மருதப்பன் மட்டும் சீட்டை வாங்கியதும் நகரமாட்டார்.
"என்னா கிராணி, ஒரு கொல கொறையுதே."
இயந்திரம் பொய் சொல்லாதுண்ணே.
"ஏத்துன கைக்குத் தெரியாதா?"
பின்னால் ஹார்ன் அடிப்பார்கள்.
நான் அடுத்த நம்பரைக் கூப்பிடுவேன்.
எட்டு மாதம் இப்படியே.

எட்டு மாதத்துக்கு முன்புதான்
இடி விழுந்து கருகிய உணரிகளைக் கழற்றி
கப்பலில் வந்த நான்கைப் பாலத்துக்கடியில் பொருத்தினார்கள்.
அவற்றோடு வந்த கையேட்டை
லோரி வராத ஒரு மத்தியானம்
நாசி லெமாக் விரலோடு சும்மாதான் புரட்டினேன்.

பாலத்துக்குக் கிலோ தெரியாது.
மேலே நிற்பதைப் பூமி இழுக்கிற இழுப்பு,
அந்த விசை ஒன்றுதான் அதற்குத் தெரியும்.
அதை நியூட்டனில் வாங்கி
உள்ளே வைத்திருக்கும் ஓர் எண்ணால் வகுத்து
இவ்வளவு கிலோ என்று நம்மிடம் சொல்கிறது.
அந்த எண், பக்கம் நாற்பத்தொன்றில், எறும்பு எழுத்தில்:
ஒன்பது புள்ளி எட்டு ஒன்று.
பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரின் எண்.

நமக்கு அது அளவில்லாத சட்டை.
பூமிக்கு இடுப்பு பெருத்த உடம்பு.
அந்த இடுப்பின் மேல் இருக்கின்றன
இந்தச் செம்பனையும், ஆலைப் புகையும்,
வியாழக்கிழமை பசார் மாலமும், மாரியம்மன் கோயிலும்.
மையத்துக்குச் சற்று எட்ட, சுழற்சிக்குச் சற்று அதிகமாய் ஆட்பட்டு
நம்மை எல்லாம் பூமி
கொஞ்சம் ஏனோதானோ என்றுதான் பிடித்திருக்கிறது.
ஒன்பது புள்ளி ஏழு எட்டு.

சீட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
பத்தாயிரம் கிலோ பழம்
பெருக்கல் ஒன்பது புள்ளி ஏழு எட்டு,
தொண்ணூற்றேழாயிரத்து எண்ணூறு நியூட்டன்.
இதுவரை யாரும் யாரையும் ஏய்க்கவில்லை.
வகுத்தல் ஒன்பது புள்ளி எட்டு ஒன்று.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, சொச்சம்.
காணாமல் போனது முப்பது கிலோ.
அது ஒரு குலை.
முள்ளும் காம்புமாய், செக்கச்சிவந்து பழுத்த
ஒற்றைக் குலை.

ஒரு நாளைக்கு நாற்பது லோரி என்று பெருக்கப் போய்
பேனாவைக் கீழே வைத்தேன்.
பிறகு எடுத்தேன்.

மேனேஜர் ஏசியைக் கூட்டிவிட்டுப் படித்தார்.
"தாங்கக்கூடிய பிழைதான், புனிதவதி."
தாங்குவது யார் என்ற கேள்வி
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
சரி சார் என்றேன்.

கடைசி லோரியும் போன பிறகு
செருப்போடு, சாப்பாட்டுப் பையோடு
பாலத்தின் நடுவில் போய் நின்றேன்.
ஐம்பத்து நான்கு கிலோ நான்;
என்னை இழுப்பது ஐந்நூற்று இருபத்தெட்டு நியூட்டன்.
பாலத்துக்கு இருபது இருபதாகத்தான் எண்ண வரும்.
அறுபது என்றது.
குலையைத் தின்ற வாய்
எனக்கு ஆறு கிலோ இனாம் தந்தது.
சிரிப்பு வந்தது. கொசுவும் வந்தது.

மறுநாள் மருதப்பன்
பழத்தைக் கொட்டிவிட்டு வந்து கையை நீட்டினார்.
சீட்டைக் குப்புறக் கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்தார், எண் எண்ணாக, உதடு அசைய.
"என்னா இது?"
உங்க கைதான்ணே.
அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என்னை.

பின்னால் ஒரு ஹார்ன், அதன் பின்னால் இன்னொன்று.
நான் யாரையும் கூப்பிடவில்லை.
பாலத்தின் மேல் அவருடைய காலி லோரி
நாலாயிரத்து எண்ணூறு என்று எரிந்துகொண்டிருந்தது,
அதுவும் பதினைந்து கிலோ குறைவாக.